கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வண்டி

முதன்முதலாக என் சட்டையில் ஓட்டப்பந்தய நம்பர் குத்தியபோது எனக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன்னால் நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கவும், வார்டில் யாராவது கூப்பிட்டால் கட்டிலுக்குப் போகவும்தான். 2006-ஆம் வருஷம் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஊரில் ஏதோ விழிப்புணர்வு ஓட்டம் நடத்தப்போகிறார்கள், ஐந்து கிலோமீட்டர், நம் ஆஸ்பத்திரியிலிருந்து பெண்கள் நாலு பேராவது போக வேண்டும் என்று மேட்ரன் வந்து கேட்டார். எல்லோரும் சார்ட் எழுதுவது மாதிரி குனிந்துகொண்டோம். ஓடுகிறவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டியூட்டி கிடையாது என்று அவர் சொன்னதும் நான் கையைத் தூக்கினேன். ஞாயிறு காலையில் நோயாளிகளைப் பார்க்க வருகிற கூட்டம் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். அதிலிருந்து தப்பிக்க ஐந்து கிலோமீட்டர் என்ன, பத்து கிலோமீட்டர் கூட ஓடலாம் என்று தோன்றியது. ஐந்து கிலோமீட்டர் என்றால் எவ்வளவு தூரம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அவர் கம்மாபுரம் பக்கத்து ஆள், நான் கடலோரக் குப்பத்துப் பெண். ஆஸ்பத்திரியிலேயே பார்த்துப் பழகி, இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு கட்டிவைத்தார்கள். செம்மண்டலத்தில் குடியிருந்தோம். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஓடப்போகிறேன் என்று சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும் அங்கதான் டியூட்டி போட்டுருக்காங்க. கடைசியா வர்ற ஆளு பின்னாலயே வண்டி வரணுமாம்," என்றார்.

அன்றைக்குக் காலையில் சுடிதாரும், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு ஊக்கு குத்திய கோலமும், டியூட்டிக்குப் போடுகிற வெள்ளை கேன்வாஸ் ஷூவுமாகப் போய் மைதானத்தில் நின்றேன். கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. காத்திருந்த நேரத்தில் குடிக்கக் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை ஆளாளுக்கு வாங்கிக் குடித்துவிட்டோம். கடைசியில் அவர் வந்து, பேசி, மறுபடியும் பேசி, கொடியை அசைத்தார். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் அம்பு மாதிரி கிளம்பினார்கள். நானும் அவர்களோடு கிளம்பினேன். முதல் திருப்பம் வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டி, விலாவில் ஊசி குத்துவது மாதிரி ஒரு வலி வந்தது. நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது முன்னால் எல்லோரும் போயிருந்தார்கள். பின்னால் ஒரு இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைக்கு மீதி தூரம் முழுக்க என் பின்னாலேயே அந்தச் சத்தம் வந்தது. நான் ஓடினால் ஆம்புலன்ஸில் மாமாவும் கொஞ்சம் வேகமாக வருவார். நான் நடந்தால் அவரும் வண்டியை உருட்டுவார். இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா வியாதியா இருந்தாலும் ஏறிப் படும்மா. உன்னத் தொரத்திக்கினு ஆம்புலன்ஸே வருது பாரு," என்றார்.

ஆம்புலன்ஸிலிருந்து குதித்து ஓடுகிற நோயாளி என்று அவர் நினைத்துவிட்டார். சட்டையில் நம்பர் இருப்பதைக் காட்டினேன். அது வார்டு நம்பர் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் என் வீட்டுக்காரரே வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏறிக்கொள், மைதானத்துக்கு முந்தின திருப்பத்தில் இறக்கிவிட்டுவிடுகிறேன், யாரும் பார்க்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் குரலில் ஒரு பரிதாபம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

முடிகிற இடத்தில் கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது. வாழைப்பழத் தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்களும், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்காகவே உட்கார்ந்திருந்த அமைப்பாளர் ஒருவரும்தான் இருந்தார்கள். அவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். அந்த ஒருவர் கைதட்டியது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மதியம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது வந்த பசி, அப்படி ஒரு பசி எனக்குச் சின்ன வயதுக்குப் பிறகு வந்ததே இல்லை. நெத்திலிக் குழம்பும் சோறும் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் படி இறங்க முடியாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மா என்னைப் பார்த்து, உனக்கு நான் கை கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பசிக்காகவோ, பின்னால் வந்த இஞ்சின் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கக் கூடாது என்பதற்காகவோ, வாரத்தில் சில நாள் விடியற்காலையில் கடற்கரை ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். தேவனாம்பட்டினம் திருப்பத்தில் நாய்கள் ஜாஸ்தி என்பதால் இவர் மொபெட்டில் கூடவே வருவார். சுனாமி வந்துபோய் அதிக காலம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அண்ணனுடைய படகும் வலையும்தான் போயிற்று. ஆனாலும் குப்பத்தில் அப்போது யாரும் காரணமில்லாமல் ஓடுவதை ரசிக்கிற மனநிலையில் இல்லை. நான் ஓடுவதை மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் பார்த்துவிட்டுப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அம்மா மீன் ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"கடலு தொரத்துன அன்னிக்கு ஓடுனது பத்தலியாடி ஒனக்கு?"

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஓடினோம். அம்மாவை அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். இது வேற ஓட்டம்மா, யாரும் துரத்தவில்லை என்றேன். யாரும் துரத்தாமல் எதற்கு ஓடுகிறாய் என்றாள். பிறகு, வெறும் வயிற்றில் ஓடாதே என்று மட்டும் சொல்லி, வறுத்த மீனை என் தட்டில் வைத்தாள்.

அடுத்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு ஓட்டம். கோயிலைச் சுற்றி நாலு ரத வீதியிலும் ஓடி முடிக்க வேண்டும். அங்கே பாதி தூரம் போனதும் பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தது. ஆம்புலன்ஸ் அந்த ஆளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியது மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம். முடித்துவிட்டு, அது யார் என்று பார்க்க வேண்டும் என்றே காத்திருந்தேன்.

கொஞ்சம் பருமனான பெண்மணி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். மூக்குக்கண்ணாடி விழாமல் இருக்க அதன் இரண்டு காதிலும் எலாஸ்டிக் நாடாவைத் தைத்துத் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தார். முழங்கால் வரை தொங்குகிற காலர் வைத்த சட்டை, தொளதொளவென்று பைஜாமா மாதிரி ஒன்று, அதில் இரண்டு பக்கமும் ஜிப் வைத்த பை. சிதம்பரத்தில் தையல் கடை வைத்திருந்தார். சர்க்கரை இருக்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல, நடப்பது போரடித்து ஓட வந்துவிட்டேன் என்றார். ஞாயிறு காலை ஆராதனைக்கு வராமல் எங்கே போகிறாய் என்று சர்ச்சில் கேட்டார்களாம். சாயங்கால ஆராதனைக்கு வந்துவிடுகிறேன், அப்போது நன்றி சொல்வதற்கு ஒரு விஷயமும் கூட இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் அக்கா என்றேன். என் துப்பட்டாவையும் ஊக்கையும் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டா ஓடுகிறாய் என்று கேட்டு, பையிலிருந்து டேப்பை எடுத்து, அந்த இடத்திலேயே என்னை அளவெடுத்தார். சுற்றி நின்ற ஆண்கள் எதற்கோ பரிசு கொடுக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

எங்களைப் போன்ற வயதுப் பெண்கள் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி உடை அப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. அக்கா தைத்துக் கொடுத்ததைத்தான் பல வருஷம் போட்டேன். அதைப் போட்டுக்கொண்ட முதல் நாளே எனக்கு ஓட்டம் கூடியது. துப்பட்டா நழுவுகிறதா, ஊக்கு குத்துகிறதா என்று பாதி புத்தி அதிலேயே போய்க்கொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. ஜில்லாவில் எங்கே ஓட்டம் நடந்தாலும் இருவரும் போனோம். பள்ளிக்கூட ஆண்டு விழா, சங்கத்து வெள்ளி விழா, ரத்த தானம், மரம் நடுதல், எதற்கென்றாலும் ஓடினோம். நான் மெதுவாக நடுவில் ஓடுகிற ஆளாக ஆனேன். அக்கா கடைசியிலிருந்து ஒரு நாளும் நகரவில்லை. அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டால் தண்ணீர் பந்தலில் நெரிசல் இருக்காது என்பார்.

2009-இல் நடந்த ஓட்டத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பத்து கிலோமீட்டர். பிச்சாவரம் ரோட்டில் ஆரம்பித்துச் சிதம்பரத்தில் முடிகிறது. பெண்களில் முதல் மூன்று பேருக்குப் பரிசு. எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சிதம்பரத்தில் ஒரு கிளை இருந்ததால் வண்டியை அன்றைக்கும் இவர்தான் கொண்டுவந்தார். பங்குனி மாதம். கழிமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்று கொஞ்ச தூரம்தான் கூட வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அறுப்பு முடிந்த வயலும், இறால் குட்டையும், ரோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பிவைத்த உளுந்துச் செடியும்தான். வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று போட்டிருந்த செடியின் மேல் நாங்களும் சரசரவென்று ஏறி ஓடினோம். பரப்பிய வீட்டுக்காரர், நல்லா அழுத்தி மிதிச்சிக்கினு போங்க என்று சந்தோஷமாகச் சொன்னார்.

பாதி தூரத்தில் தண்ணீர் கொடுத்தவர், பெண்களில் நீங்கள் நாலாவது என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. முன்னால் ஒரு மஞ்சள் பனியன் தெரிந்தது. அதுதான் மூன்றாவது ஆள், ஒரு காலேஜ் பெண். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிடித்துவிடலாம் என்று தெரிந்தபோது என் காலுக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. பரிசு வாங்குவது மாதிரி, அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவது மாதிரி எல்லாம் மனதில் ஓடியது.

கிட்டே வந்தபோதுதான் அவள் கால் வைக்கிற விதத்தைக் கவனித்தேன். ரோட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் போய்க்கொண்டிருந்தாள். கை தொங்கிவிட்டது. இது ஓட்டக் களைப்பு இல்லை என்று நர்ஸ் புத்திக்குத் தெரிந்துவிட்டது. எட்டிப் பிடித்தேன். என் மேலேயே சாய்ந்தாள். இழுத்துக்கொண்டு போய் ஒரு புளியமரத்து நிழலில் படுக்கவைத்து, காலை மதகின் கட்டைமேல் தூக்கி வைத்தேன். உடம்பு கொதித்தது. நாடி படபடவென்று ஓடியது. பின்னால் வந்தவர்களிடமிருந்த தண்ணீரையெல்லாம் வாங்கி அவள் கழுத்திலும் தலையிலும் ஊற்றி, ஒருவருடைய துண்டை நனைத்து விசிறினேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டேன். வயிறு காலியாக இருந்தால் உடம்பு லேசாக இருக்கும் என்று யாரோ சொன்னதால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

ஆம்புலன்ஸ் பின்னால் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது அக்காவுக்குப் பின்னால் வருகிறது, அக்கா வருகிற வேகத்தில்தான் வரும். அந்தப் பக்கம் பைக்கில் போன ஒருவரை நிறுத்தி, ஆம்புலன்ஸ் டிரைவரிடம் ஒரு பெண் விழுந்துவிட்டாள், நர்ஸம்மா கூட இருக்கிறார், சீக்கிரம் வரச் சொன்னார் என்று சொல்லி அனுப்பினேன். சற்று நேரத்தில் சைரன் சத்தம் கேட்டது. வண்டி வந்த வேகத்தைப் பார்த்து மரத்தடியில் நின்றவர்கள் எல்லாம் பின்னால் நகர்ந்தார்கள். இவர் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடி வந்தார். படுத்திருந்த பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ விழலியா?"

"நான் விழல மாமா. ஸ்ட்ரெச்சர எடுங்க."

எடுத்தார். எத்தனையோ விபத்தில் ஆட்களைத் தூக்கிப் போட்டவர், ஸ்ட்ரெச்சரின் கொக்கியை மாட்ட இரண்டு முறை முயற்சி செய்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஓட்டம் முடிகிற வளைவைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் கடைசி ஆளும் வந்துவிட்டார் என்றுதானே கணக்கு. போட்டி இனிதே நிறைவுற்றது, அனைவருக்கும் நன்றி என்று அவர் சொல்வது எங்கள் காதில் விழுந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைச் சேர்த்து, டிரிப்ஸ் ஏற்றி, முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்து, அக்கா நான் தேர்டு வந்துட்டேனா என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. படுத்துக்கோ, அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவளுடைய தோழிகள் வந்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வெளியே வந்து முகம் கழுவும்போதுதான் தையல்கார அக்கா இன்னும் ரோட்டில் இருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது.

இவர் வண்டியை எடுத்தார். ஊருக்கு வெளியே நல்ல தூரத்தில் அக்கா வந்துகொண்டிருந்தார். நடையுமில்லாத ஓட்டமுமில்லாத அவருடைய அந்தப் போக்கில், முகம் சிவந்து, ஆனால் ஒரு வருத்தமும் இல்லாமல். என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டார். பெண் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இத்தினி வருஷத்துல இன்னிக்கித்தான் பின்னால வண்டிச் சத்தம் இல்லாம நிம்மதியா ஓடுறேன்."

போட்டி முடிந்துவிட்டது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள், ஏறிக்கொள்ளுங்கள் என்று இவர் சொன்னார். அக்கா ஏறவில்லை. எனக்கும் அப்போதுதான் தோன்றியது, நானும் முடிக்கவில்லை. இங்கேயே இறங்கி அக்காவோடு ஓடிவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றார் இவர். யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் நான் நிறுத்தியது அந்தப் புளியமரத்தில். அங்கிருந்துதான் ஓட வேண்டும் என்றேன். அவர் வண்டியை எடுத்தார். நீங்கள் மெதுவாகப் போங்கள், பிடித்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். இதைவிட மெதுவாக எப்படிப் போவது என்று அக்கா கேட்டது பின்னால் கேட்டது.

மரத்தடியில் இறங்கினேன். ஈரத் துண்டு ஒன்று இன்னும் மதகில் காய்ந்துகொண்டிருந்தது. ஓட ஆரம்பித்தேன். ரோடு காலி. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டுக்காரர் ஒருவர், எல்லாரும் போயிட்டாங்களேம்மா என்றார். தெரியும் என்று கையைக் காட்டினேன். பின்னால் வண்டி வந்தது. அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாக இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை வண்டி பக்கத்தில் வரும், ஒரு பாட்டில் தண்ணீர் நீளும், மறுபடியும் பின்னால் போய்விடும். அவர் ஏறிக்கொள் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் அக்காவைப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து போனோம். வளைவு இருந்த இடத்தில் பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரித்து மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியெல்லாம் அடுக்கியாகிவிட்டது. அமைப்பாளர்கள் டிபன் சாப்பிடப் போயிருந்தார்கள். நாங்கள் நம்பரோடு ஓடி வருவதைப் பார்த்ததும் பந்தல்காரர்களில் பெரியவர் ஒருவர், செத்த இருங்க என்று கையைக் காட்டினார். சுருட்டி வைத்திருந்த பேனரைப் பிரித்து, இரண்டு ஆட்களை ஆளுக்கொரு நாற்காலியில் ஏற்றி, ரோட்டின் குறுக்கே கைகளால் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அதற்குக் கீழே புகுந்து ஓடினோம். அவர்கள் பேனரைப் பிடித்திருந்ததால் கைதட்ட முடியவில்லை, அதற்குப் பதிலாக விசில் அடித்தார்கள். இவர் வண்டியின் ஹாரனை விடாமல் அழுத்தினார். மெடல் எல்லாம் பெட்டியில் வைத்துக் கட்டியாகிவிட்டது. மிச்சமிருந்த கடலைமிட்டாய்ப் பாக்கெட் முழுவதையும் எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து நாங்களும் பந்தல்காரர்களும் தின்று தீர்த்தோம். சர்க்கரை இருக்கிறவர் இதைத் தின்னலாமா என்று நர்ஸாக நான் கேட்டேன். இன்றைக்கு மட்டும் நீ நர்ஸ் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கடலூருக்குத் திரும்பும்போதுதான் இவர் அதைச் சொன்னார். பைக்கில் போனவர் அவரிடம் போய், நர்ஸம்மா விழுந்துட்டாங்க என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

"வண்டியில எவ்ளோ பேரக் கொண்டாந்திருக்கேன். ஒரு நாளும் கை ஒதறுனதில்ல. இன்னிக்கி எனக்கு ரோடே தெரியல," என்றார்.

கியர் மேலிருந்த அவர் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து மொபெட்டை வீட்டில் விட்டுவிட்டு அவரும் என்னோடு ஓட வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவரை அக்கா தைத்துக் கொடுத்த அரைக்கால் சட்டைக்கு மாற்றுவதற்கே சில மாதம் ஆயிற்று. என்னைவிட மெதுவாகத்தான் ஓடுவார். நாய்களைக் காட்டி வேகத்தைக் கூட்டுவேன்.

தானே புயல் அடித்த பிறகு கொஞ்ச காலம் ஓட்டமெல்லாம் நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் கை கால் முறிந்தவர்கள் நிரம்பியிருந்தார்கள், ரோட்டில் விழுந்த மரத்தை வெட்டி எடுக்கவே பல நாள் ஆனது. மறுபடியும் ஓட இறங்கியபோது பழகின ரோட்டில் நிழல் என்பதே இல்லை. அந்த 2012-இல் கடலூரில் ஒரு ஓட்டம் வைத்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று தனிப் பிரிவு முதல்முறையாக வந்தது. அக்கா ஒவ்வொரு ஊரிலும் அமைப்பாளர்களைப் பிடித்துக் கேட்டுக் கேட்டு நச்சரித்ததில் வந்தது அது. ஐந்து பேர் ஓடினோம். விருத்தாசலத்திலிருந்து வந்த ஒரு பி.டி. டீச்சர் முதலில் வந்தார். நான் இரண்டாவது. அக்கா ஐந்தாவது. தையல் கடையில் அக்கா அந்தச் சர்ட்டிஃபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டினார். ஐந்தாம் இடம் என்று பார்த்தவர்கள் எல்லாம், ஐந்தாம் இடமா என்று மரியாதையாகக் கேட்பார்களாம். எத்தனை பேர் ஓடினார்கள் என்று அக்காவாகச் சொல்வதில்லை.

பரிசு கொடுக்க வேண்டிய பெரிய மனிதர் அன்றைக்கும் வரவில்லை. காத்துக் காத்துப் பார்த்தேன். எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அக்காவிடம் சொல்லிவிட்டு நான் கிளம்பிப் போய் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வார்டில் நின்றேன். அதற்கப்புறம் அந்தப் பெரிய மனிதர் வந்திருக்கிறார். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவரை அக்கா முதுகில் கை வைத்துத் தள்ளி மேடையேற்றிவிட்டார். பொன்னாடை போட்டு, கையில் கேடயத்தைக் கொடுத்து, போட்டோவும் எடுத்துவிட்டார்கள். மத்தியானம் கேடயத்தைக் கொண்டுவந்து வார்டில் என் மேஜையில், பிரஷர் பார்க்கிற கருவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. காக்கிச் சட்டை, முறுக்கின மீசை, தோளில் பொன்னாடை. கீழே, பெண்கள் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தவருக்குச் சிறப்பு விருந்தினர் பரிசு வழங்கினார் என்று போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர் முதல் டாக்டர்கள் வரைக்கும் அதைப் பார்த்துவிட்டார்கள். பல மாதத்துக்கு ஆம்புலன்ஸ் வேண்டும் என்றால் இரண்டாம் இடத்தைக் கூப்பிடு என்றுதான் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை நீயே இருந்து வாங்கிக்கொள் என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஆனால் அந்தப் படத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் சிரித்திருந்த சிரிப்பைப் பார்த்தால், மீசை இல்லாமல் இருந்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டார்கள்.